ஆளுமைக் கோளாறு உள்ளவரோடு வாழ்வது எப்படி: திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒருவருடைய கோபமோ சந்தேகமோ பயமோ ஒரு மாதத்தில் வந்து அடுத்த மாதத்தில் போய்விடாமல், பதின்ம வயதின் பிற்பகுதியிலிருந்தோ இருபதுகளின் தொடக்கத்திலிருந்தோ வீட்டிலும் வேலையிடத்திலும் நட்பிலும் திருமண வாழ்விலும் ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப வந்து, அவரையும் அவரோடு இருப்பவர்களையும் வருத்திக்கொண்டே இருக்குமானால், அது ஆளுமைக் கோளாறாக இருக்கலாம். நம் ஊர் வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றி முதலில் ‘கொழுப்பு’ என்பார்கள். பிறகு ‘தகப்பன்ரை குணம்’ என்பார்கள். இரண்டாலும் ஆறுதல் கிடைக்காதபோது யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று கயிறு கட்டவும் நேர்த்தி வைக்கவும் ஓடுவார்கள். கோவிலுக்குப் போவதில் எந்தப் பிழையும் இல்லை. பத்திரகாளி அம்மன் சந்நிதியில் நின்று அழுதுவிட்டு வரும் தாய்க்குக் கிடைக்கும் பலத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டிய வருடங்களும் அந்த ஓட்டத்திலேயே கழிந்துவிடுகின்றன என்பதுதான் கவலை.

இது பெரும்பாலும் கூட இருப்பவர்களுக்காக எழுதப்படுகிறது: தாய், தமக்கை, கணவன், மனைவி, வெளிநாட்டிலிருந்து இரவில் போன் எடுக்கும் தமையன். இவர்கள் பழகவேண்டியவை இரண்டு. பாதிக்கப்பட்டவரின் உணர்ச்சியை உண்மையென்று ஒப்புக்கொள்ள வேண்டும். நடத்தைக்கு வைத்த எல்லையிலிருந்து இறங்காமலும் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்றை மட்டும் செய்கிற வீடுகளைத்தான் அதிகம் காண்கிறோம். ஒப்புக்கொள்பவர்கள் எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்துக் களைத்துப்போகிறார்கள். எல்லை போடுபவர்கள் அதைத் தண்டனையாகப் போடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து, வீட்டிலுள்ள எல்லோரிடமிருந்தும், நல்ல நாளிலும் கொந்தளிக்கிற நாளிலும் ஒரே மாதிரி வரும்போதுதான் பலன் தெரியும்.

முதலில், எது இந்தக் கோளாறு அல்ல

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆவது பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தன்னைப் பற்றிய உணர்விலும் பிறரோடுள்ள உறவிலும் ஏற்படும் சிக்கல் குறைந்தது 2 வருடங்களாவது நீடித்து, ஒரு இடத்தில் மட்டுமன்றிப் பல சூழல்களிலும் வெளிப்பட்டு, வாழ்க்கையைக் குலைத்தால்தான் ஆளுமைக் கோளாறு என்ற முடிவுக்கு வரலாம். ஆகவே மாமியார் வீட்டில் மட்டும் பொறுமையிழக்கும் மருமகளுக்கும், ஒரு மேலதிகாரியோடு மட்டும் மோதும் இளைஞனுக்கும் இந்தப் பெயரைச் சூட்ட இடமில்லை. பேசிய சம்பந்தத்தை வேண்டாமென்று மறுத்த பெண்ணுக்கும், வேறு மதத்தவரையோ வேறு சாதியினரையோ விரும்பிய பிள்ளைக்கும் இதைச் சூட்டுவது அநியாயம். அடி வாங்கும் மனைவி அழுவதும் கத்துவதும் பயந்து நடுங்குவதும் நோயல்ல. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு, அதற்கு 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கம் இருக்கிறது.

வேறு நோய்களும் இதே முகத்தோடு வரும். கடும் மனச்சோர்வில் இருப்பவர் ஒட்டாமலும் எரிச்சலோடும் இருப்பார். மனச்சோர்வு மாறியதும் பழைய ஆள் திரும்பி வந்துவிடுவார். இருதுருவ மனநிலைக் கோளாற்றில் உற்சாகமோ சோர்வோ நாட்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். உணர்ச்சி அடிக்கடி கொந்தளிக்கும் வகையான எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாற்றிலோ, யாரோ ஒருவர் சொன்ன சொல்லால் அல்லது சொல்லாமல் விட்ட சொல்லால் மனநிலை ஒரே பகலுக்குள் பலமுறை புரளும். தைரொயிட் சுரப்பியின் குறைபாடு, மதுப் பழக்கம், ‘ஐஸ்’ போன்ற போதைப்பொருள் ஆகியவையும் குணத்தையே மாற்றிக் காட்டக்கூடியவை.

நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் கட்டாயம் கேட்க வேண்டும். போரில் இடம்பெயர்ந்து முகாம் முகாமாக வளர்ந்தவர்கள், சொந்தத்தில் ஒருவர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், 2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது கையைப் பிடித்திருந்தவரை இழந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, குறிப்பிட்ட இடங்களைத் தவிர்ப்பது, அதே காட்சி கனவில் வருவது போன்றவை இருந்தால் அது நெருக்கீட்டுக்குப் பிந்தைய மனவடுவாக இருக்கலாம். மேற்சொன்ன 11ஆவது பதிப்பு அதன் சிக்கலான வடிவத்தைத் தனி நோயாகவே பிரித்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆளில் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே பிரித்தறியும் வேலையை வைத்தியரிடம் விடுங்கள். இணையத்தில் கண்ட ஒரு பட்டியலை வைத்துச் சொந்தக்காரருக்குப் பெயர் சூட்டுவதும், சண்டையின் நடுவில் அந்தப் பெயரைச் சொல்லி ஏசுவதும் அவர் சிகிச்சைக்குப் போகும் வழியையே அடைத்துவிடும்.

வகைகளைப் பற்றிச் சுருக்கமாக

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு 10 வகைகளைச் சொல்லி அவற்றை மூன்று கூட்டங்களாகப் பிரிக்கிறது. பிறரை நம்பாதவர்களும் விலகி ஒதுங்குபவர்களும் விநோதமான எண்ணப்போக்கு உள்ளவர்களும் முதலாவது கூட்டம். உணர்ச்சிக் கொந்தளிப்பு, தற்பெருமை, பிறர் கவனத்துக்கான ஏக்கம், பிறர் உரிமையை மதியாமை ஆகியவை இரண்டாவது. பயந்து ஒதுங்குதல், பிறரையே சார்ந்திருத்தல், எல்லாம் குறைவற நடக்க வேண்டுமென்ற கட்டாயம் ஆகியவை மூன்றாவது. உலக சுகாதார நிறுவனமோ வகைப் பெயர்களைப் பெரும்பாலும் கைவிட்டு, பாதிப்பு இலேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா என்பதையே முதலில் பார்க்கச் சொல்கிறது. குடும்பத்தவர்களுக்கு இந்த இரண்டாவது முறையே உதவியானது என்பது என் எண்ணம். என்ன வகை என்பதைவிட, வேலையைத் தொடர முடிகிறதா, ஒரு நட்பாவது நிலைக்கிறதா, உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்பவையே அன்றாடம் அறியவேண்டியவை.

கொந்தளிப்பு எப்படி எழுகிறது

குடும்பங்கள் உதவி தேடி அலைவதும் ஆய்வுகள் அதிகம் நடந்திருப்பதும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாற்றில்தான் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். கைவிடப்படுவோம் என்ற தாங்க முடியாத பயம், இன்று தெய்வமாகவும் நாளை துரோகியாகவும் மாறித் தெரியும் உறவுகள், தான் யார் என்பதிலேயே உறுதியின்மை, திடீர் முடிவுகள், தன்னைத்தானே காயப்படுத்துதல் அல்லது சாகப்போவதாகச் சொல்லுதல், மணிக்கணக்கில் புரளும் மனநிலை, உள்ளே எதுவுமில்லை என்ற நாட்பட்ட வெறுமை, அடக்க முடியாத கோபம், நெருக்கடியில் வரும் சந்தேகம் அல்லது தன்னை மறந்த நிலை ஆகிய 9 அறிகுறிகளில் குறைந்தது 5 இருந்தால் இந்தப் பெயர் பொருந்தும் என்பது மேற்சொன்ன அமெரிக்கக் கையேட்டின் அளவுகோல்.

இது எங்கிருந்து வருகிறது என்பதற்கு மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளர் தந்த விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. பிறவியிலேயே சிலருக்கு உணர்ச்சி விரைவாக மூளும், உயரமாக எழும், மெல்லத்தான் தணியும். அப்படிப்பட்ட குழந்தை அழும்போதெல்லாம் ‘இதுக்கெல்லாம் ஆரும் அழுவினமே’ என்றே கேட்டு வளர்ந்தால், தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவும் அதைத் தணிக்கவும் அது கற்பதில்லை. பெரிதாக வெடித்தால்தான் கவனிப்பார்கள் என்பதை மட்டும் கற்றுக்கொள்கிறது. இதில் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற ஒன்றுமில்லை. நான்கு பிள்ளைகளுக்குப் போதுமாக இருந்த வளர்ப்பு ஐந்தாவது பிள்ளைக்குப் போதாமல் போகலாம். ஷெல் விழுந்த காலத்தில் பிள்ளையை உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்த வீடுகளும் உண்டு. லினஹான் தானும் இளவயதில் கடுமையாகத் தன்னைக் காயப்படுத்தி மனநல வைத்தியசாலையில் இருந்தவர் என்பதை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த இருட்டிலிருந்து வந்தவரே அதற்கான சிகிச்சையை வடிவமைத்தார் என்பதை, நம்பிக்கையிழந்த பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது நல்லது.

பேச்சை எப்படி அமைப்பது

உதாரணத்துக்கு ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். திருக்கடலூரில் தாயும் 23 வயது மகளும் இருக்கிறார்கள். மகள் பிரதான வீதியில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறாள். தமக்கை தம்பலகாமத்தில் ஆசிரியை; தமையன் கட்டாரில். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கை தமக்கைக்கு அழைக்கிறாள். தமக்கை வகுப்பில் நிற்கிறாள், போனை எடுக்கவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் பதினைந்து அழைப்புகள் வந்து, பிறகு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: ‘நான் உனக்குப் பாரம்தானே, இனி எடுக்கமாட்டன், நிம்மதியா இரு.’

தமக்கைக்கு வரும் முதல் பதில் எதுவென்று நமக்கெல்லாம் தெரியும். ‘நான் படிப்பிச்சுக்கொண்டு நிக்கிறன் எண்டு தெரியாதே? உனக்கு விசரே?’ இதில் சொல்லப்பட்ட நியாயம் சரி. ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பவளுக்கு அந்த நேரத்தில் நியாயம் கேட்காது. போன் எடுக்கப்படாத அந்த அரை மணித்தியாலத்தில் அவளுக்குள் நடந்தது இது: ‘அக்கா எடுக்கவில்லை’ என்பது ‘அக்கா என்னை வெறுத்துவிட்டாள்’ என்றாகி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, அந்த வேதனையை நிறுத்த எதையாவது செய்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. இப்போது ஏச்சு வந்தால் அவள் பயந்தது உண்மையென்று உறுதியாகிறது.

அடுத்த இடைவேளையில் தமக்கை இப்படிச் சொல்லலாம்: ‘நான் எடுக்கேல்லை எண்டதும் உன்னை விட்டிட்டன் எண்டு பயந்திட்டாய், என்ன? அப்பிடி நினைச்சா ஆருக்கும் நெஞ்சு பதறும். நான் இஞ்சைதான் இருக்கிறன். இனி வகுப்பு, ஒண்டரைக்கு எடுப்பன்.’ இங்கே மூன்று காரியங்கள் நடக்கின்றன. பயத்துக்குப் பெயர் வைக்கப்படுகிறது. அந்தப் பயம் புரிந்துகொள்ளக்கூடியது என்று சொல்லப்படுகிறது. அது சரியான முடிவு என்று சொல்லப்படவில்லை. அடுத்ததாக நடக்கப்போவது நேரத்தோடு சொல்லப்படுகிறது. ஒன்றரைக்கு எடுப்பேன் என்றால் ஒன்றரைக்கு எடுக்க வேண்டும். இரண்டு மணிக்கு எடுத்தால் முன்பு சொன்ன அன்பான வார்த்தைகள் அத்தனையும் வீணாகும். செய்ய முடியாததை வாக்களிக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான். இவ்வளவு சொல்லியும் சாவைப் பற்றிய பேச்சு வந்தால் வகுப்பைவிட அதுவே முக்கியம். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஒப்புக்கொள்வதும் ஆமாம் போடுவதும் வேறு வேறு. ‘அக்கா என்னை வெறுக்கிறா’ என்பதற்கு ‘ஓம்’ என்று சொல்லத் தேவையில்லை. ‘அப்படி நினைக்கையில் எவ்வளவு வலிக்கும்’ என்பதோடு நிறுத்தலாம். கொந்தளிப்பின் உச்சியில் யார் சரி, யார் பிழை என்ற கணக்கைத் திறக்கவே கூடாது. வாடைக்காற்று உரத்து அடிக்கையில் எவரும் தோணியை இறக்குவதில்லை. குரலைத் தாழ்த்தி, வாக்கியங்களைக் குறைத்து, இருவரும் இருந்தபடியே பேசுங்கள். நின்றுகொண்டு பேசினால் அது சண்டைக்கு அழைப்பாகவே படும். அயலவரையோ மாமன்மாரையோ கூப்பிட்டு நியாயம் கேட்பது அவமானத்தைக் கூட்டும். ‘போன கிழமையும் இப்படித்தான் செய்தாய்’ என்று பழையதை இழுப்பதும் அதே தீங்கைச் செய்யும்.

காற்று ஓய்ந்த பிறகுதான் எல்லையைப் பேச வேண்டும், அதுவும் அன்றைக்கோ மறுநாளோ. பெரும்பாலான வீடுகள் இங்கேதான் தவறவிடுகின்றன. ஒரு வழியாக அமைதி வந்ததே என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். தமக்கை சொல்லவேண்டியது இதுபோல இருக்கட்டும்: ‘வகுப்பு நேரத்தில என்னாலை போன் எடுக்க ஏலாது. பதினைஞ்சு தரம் அடிச்சாலும் ஒருதரம் அடிச்சாலும் ஒண்டுதான். ஒரு மெசேஜ் போடு, இடைவேளைக்கு நான் பார்ப்பன். ஆனா உயிருக்கு ஆபத்து எண்டு தோன்றினா அம்மாட்டை உடனே சொல்லு, எனக்கும் அப்பிடியே எழுது.’ எல்லை என்பது நான் என்ன செய்வேன், செய்யமாட்டேன் என்பதைப் பற்றியது. ‘நீ இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது’ என்ற கட்டளையை நிறைவேற்ற நம் கையில் எதுவுமில்லை. ‘வீட்டைவிட்டுத் துரத்துவேன்’ என்பது போன்ற, செய்ய மனமில்லாத மிரட்டல்களைச் சொல்லவே சொல்லாதீர்கள். கைவிடப்படுவோம் என்ற பயத்தோடு வாழ்பவருக்கு அதைவிடக் கொடிய சொல் இல்லை.

அடுத்தது, தமையனின் பங்கு. தாய் மறுத்ததை அவர் கட்டாரிலிருந்து பணம் அனுப்பி நிறைவேற்றினாலோ, தமக்கை பொறுமையாக இருக்கையில் அவர் குரல் பதிவில் ஏசினாலோ எல்லாம் குலையும். மூவரும் தங்கையில்லாத நேரத்தில் அவளைப் பற்றி இரகசியமாகக் கூடிப் பேசாமல், அவளையும் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று விடயங்களில் உடன்பாட்டுக்கு வருவது நல்லது. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தப் பார்க்க வேண்டாம். பண விடயம், போன் விடயம், கத்துவது ஆகியவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து அதில் சில மாதம் நின்றுபிடியுங்கள். புது எல்லை வந்ததும் கொந்தளிப்பு முதலில் கூடும் என்பதை எதிர்பார்த்தே தொடங்குங்கள்.

பாதிக்கப்பட்டவர் தானே செய்யக்கூடியவை

உணர்ச்சியின் உச்சி நிரந்தரமல்ல. அதை ஊட்டாமல் விட்டால் அது இறங்கும். ஆகவே முதல் பயிற்சி தாமதம். செய்தியை எழுதுங்கள், அனுப்பாதீர்கள். இருபது நிமிடம் கழித்துத் திரும்ப வாசித்துவிட்டு முடிவெடுங்கள். அந்த இருபது நிமிடத்தில் உடலுக்கு வேலை கொடுங்கள். வாளியிலுள்ள குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தி, மூச்சைச் சில வினாடி பிடித்து எடுத்தால் இதயத் துடிப்பு மெதுவாகும். இதயநோய் உள்ளவர்களும் மிகக் குறைவாக உண்பதால் உடல் மெலிந்தவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள். டச்சு வளைகுடாக் கரையோரம் வேகமாக நடப்பதும் அதே காரியத்தைச் செய்யும்.

தணிந்த பிறகு ஒரு கொப்பியில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, அதற்கு நான் கொடுத்த அர்த்தம் என்ன, உடலில் என்ன தோன்றியது, என்ன செய்தேன். சில வாரம் எழுதினால் உங்கள் கொந்தளிப்புகளுக்கு முன்னால் வழமையாக வரும் சம்பவங்கள் தெரியவரும். நித்திரை குறைந்த நாட்களிலும், சாப்பாட்டைத் தவறவிட்ட நாட்களிலும், குடித்த நாட்களிலும் எல்லாமே மோசமாக இருப்பதைக் கண்டுகொள்வீர்கள். அந்தக் கொப்பி கிளினிக்கிலும் உதவும்.

உயிரைப் பற்றிய பேச்சு வந்தால்

‘நடிக்கிறாள்’, ‘பயமுறுத்துகிறாள்’ என்று சொல்லி இதை ஒதுக்காதீர்கள். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ளவர்களில் தற்கொலையால் இறப்பவர்களின் விகிதம் பொதுமக்களோடு ஒப்பிடுகையில் பல மடங்கு அதிகம். பலமுறை சொல்லிவிட்டுச் செய்யாமல் இருந்தவர் இனியும் செய்யமாட்டார் என்று கணக்குப் போட முடியாது. நேராகவே கேளுங்கள்: ‘சாக வேணும் எண்டு நினைக்கிறியே? எப்பிடியெண்டும் யோசிச்சு வைச்சிருக்கிறியே?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்கு அந்தக் கேள்வியே ஆறுதலாக இருக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள்.

வீட்டிலுள்ள மருந்து மாத்திரைகளைப் பூட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் எடுத்துக்கொடுங்கள். மூதூர், கந்தளாய், தம்பலகாமம் போன்ற வயற்புறங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்கவே வேண்டாம். 1995 அளவில் உலகின் மிக உயர்ந்த தற்கொலை வீதங்களுள் ஒன்றைக் கொண்டிருந்த இலங்கையில், கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கையெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாவிட்டால் அந்த வேகம் கடந்துபோக நேரம் கிடைக்கிறது என்பதற்கு நம் நாடே சான்று.

1926 என்பது அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஏற்கெனவே ஏதாவது உட்கொண்டிருந்தாலோ காயப்படுத்தியிருந்தாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ‘இப்ப நல்லா இருக்கிறாள்தானே’ என்று வீட்டில் வைத்திருப்பது பெரும் ஆபத்து. சாதாரணமாக வாங்கக்கூடிய சில குளிசைகளை அளவுக்கு மேல் எடுத்தவர் முதல் நாள் தெளிவாக இருந்தாலும் உள்ளே ஈரல் பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். பொலிஸுக்குப் பயந்து மறைக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998இலேயே குற்றமல்ல என்று ஆக்கப்பட்டுவிட்டது.

சிகிச்சையைத் தேடும்போது

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. தூர இடங்களில் உள்ளவர்கள் தங்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் கேட்டால் எந்த மனநலக் கிளினிக்குக்கு எந்த நாளில் போகலாம் என்று சொல்லி, கடிதமும் தருவார்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். முதல் அடியாக அவர்களிடம் போவது சிலருக்கு எளிது. முதல் சந்திப்புக்குப் போகையில் ஒரு தாளில் எந்த வயதிலிருந்து என்ன மாற்றம், எத்தனை வேலை, எத்தனை பாடசாலை, எப்போதெல்லாம் தன்னைக் காயப்படுத்தினார், என்ன மருந்து எடுக்கிறார், குடும்பத்தில் வேறு யாருக்கு மனநோய் இருந்தது என்பதை எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் நீங்கள் ‘இவள் சொல்வழி கேட்கிறாளில்லை’ என்று தொடங்கினால் அந்த நேரம் அதிலேயே போய்விடும். நோயாளி வைத்தியரோடு தனியே பேசவும் இடம் விடுங்கள்.

மருந்து மட்டும் இதைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாற்றுக்கென்றே மருந்து கொடுக்க வேண்டாம் என்பது பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டி 2009இல் சொன்னது. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து தேவைப்படலாம். அப்படித் தந்ததை வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்தக் கூடாது. நித்திரைக் குளிசையைப் பார்மசியில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் எடுப்பது பழக்கமாகிவிடும் என்பதோடு கட்டுப்பாட்டையும் தளர்த்தும்.

உண்மையான சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சை. உணர்ச்சியைத் தாங்கவும் தணிக்கவும் பழக்குவதற்காக லினஹான் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, தன் மனத்தையும் பிறர் மனத்தையும் வாசிக்கப் பழக்கும் சிகிச்சை ஆகியவை ஆய்வுகளில் பலன் தந்தவை. முழு வடிவில் அவற்றைத் தமிழில் பெறுவது நம் பகுதியில் எளிதல்ல. அதற்காக மனமுடையத் தேவையில்லை. 2009இல் கனடாவில் 180 பேரை வைத்து வெளியான ஆய்வொன்றில், இயங்கியல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களும், ஒழுங்கான பொது மனநலச் சிகிச்சையை ஒரு வருடம் தொடர்ந்து பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறினார்கள். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: ஒரே ஆளிடம், குறித்த நாளில், தவறாமல், தெளிவான இலக்கோடு போவது மிக முக்கியம். ஆகவே ஒரு கிளினிக்கில் ஒருவர் பேசியது பிடிக்கவில்லை என்று அடுத்தடுத்து இடம் மாற்ற வேண்டாம். பிடிக்காததை அவரிடமே சொல்வதும் சிகிச்சையின் பகுதிதான்.

மற்ற வகைகளில் வீட்டார் கவனிக்க வேண்டியது

சந்தேகம் மிகுந்தவரோடு பேசுகையில் தெளிவாகவும் நேராகவும் பேசுங்கள். அவர் முன்னால் காதோடு காது பேசாதீர்கள், அவரை வைத்துப் பகிடி பண்ணாதீர்கள், அவர் சந்தேகத்தை வாதாடித் தோற்கடிக்கவும் முயலாதீர்கள். எல்லாம் குறைவற நடக்க வேண்டும் என்று தானும் வருந்திப் பிறரையும் வருத்துபவருக்கு, கை கழுவுவது, பூட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது போன்ற எண்ணச் சுழற்சி நோய் இருக்க வேண்டுமென்பதில்லை, இரண்டும் வேறு. அவருக்கு முடிவுத் திகதி வைத்து உதவுங்கள். பயந்து ஒதுங்குபவரைக் கலியாண வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவதைவிட, முதலில் ஒரு உறவினர் வீட்டுக்குக் கால்மணி நேரம் போய்வருவது பலன் தரும். பிறரையே சார்ந்திருப்பவருக்கு வங்கிப் படிவத்தை நீங்கள் நிரப்பிக் கொடுக்காமல் பக்கத்தில் இருந்து அவரே நிரப்பச் செய்யுங்கள். பிறரை ஏமாற்றுவதும் அடிப்பதும் வழக்கமாகிவிட்டவர் விடயத்தில் என் கருத்து உறுதியானது: மனைவி, பிள்ளைகள், வயோதிபப் பெற்றோர் ஆகியோரின் பாதுகாப்பு முதலில், அவரைப் புரிந்துகொள்வது அதற்குப் பிறகு. நோய் என்ற பெயர் அடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதற்கான காரணமாகக் கூடாது.

எவ்வளவு காலம் ஆகும்

அமெரிக்காவில் மேரி ஸனாரினி என்ற ஆய்வாளரின் குழு, எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாற்றுக்காக வைத்தியசாலையில் தங்கி சிகிச்சை பெற்ற 290 பேரைத் தொடர்ந்து பார்த்தது. 10 வருடங்களுக்குள் 93 வீதமானோருக்கு அறிகுறிகள் குறைந்து அந்த நிலை குறைந்தது 2 வருடமாவது நீடித்தது. ஆனால் நல்ல வேலையும் நெருங்கிய உறவும் சேர்ந்த முழு மீட்சியை அடைந்தவர்கள் பாதிப் பேர்தான். கொந்தளிப்பு அடங்கிய பிறகும் வாழ்க்கையைக் கட்ட உதவி வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களும் சேர்த்துச் சொல்கின்றன. ஆகவே கத்துவது குறைந்ததும் கிளினிக்கை நிறுத்திவிடாதீர்கள். ‘கலியாணம் கட்டி வைத்தால் சரியாகும்’ என்று அவசரப்பட்டு, எதையும் மறைத்துச் சம்பந்தம் பேசாதீர்கள். நெருங்கிய உறவுதான் இந்தக் கோளாற்றை அதிகம் கிளறுவது. அதற்குப் பதிலாக, ஒழுங்கான நேரமும் சம்பளமும் உள்ள ஒரு வேலையை, தேவையானால் அரைநாளாகத் தொடங்கி, நிலைக்க உதவுங்கள்.

இவ்வளவு காலம் தாங்குவதற்குத் தாயும் நின்றுபிடிக்க வேண்டும். இரவுக் காவலைத் தமக்கையும் தாயின் தங்கையும் முறை வைத்துப் பகிரட்டும். தமையனின் அழைப்பு தங்கையைப் பற்றி விசாரிக்க மட்டுமன்றி, கிழமைக்கு ஒருமுறையாவது தாயின் உடம்பைப் பற்றியும் கேட்கட்டும். தாய்க்கு நித்திரை போய், பசி போய், அழுகை அடங்காமல் இருந்தால் அவரையும் அதே கிளினிக்கில் ஒரு நோயாளியாகவே பதியலாம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், சித்திக்கு வருத்தம் என்றும், அதற்கு மருத்துவம் நடக்கிறது என்றும், அது அவர்களால் வந்ததல்ல என்றும் அவர்களுக்கு விளங்கும் சொற்களில் சொல்லிவைக்க வேண்டும்.